ஒரு பக்கச் சத்தம்

பகல் முழுக்க நான் பேசிக்கொண்டே இருப்பேன். பாளையங்கோட்டையில், வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. ரவுட்டர்களை அமைப்பதும், தகராறு செய்தால் சரிபார்ப்பதும், கோபமாகக் கூப்பிடுகிறவர்களிடம் பொறுமையாகப் பதில் சொல்வதும் என் பொறுப்பு. திசையன்விளையிலிருந்து ஒரு கடைக்காரர் "நெட்டு ரொம்பப் பைய போகுதும்மா" என்பார். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு அம்மா "பேரன் மூஞ்சி பாதியில நின்னுட்டு" என்பார். சாயங்காலம் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய் வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினால், அதற்குமேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. காலையில் பால்காரரிடம் பேசும்போது தொண்டை கரகரக்கும். "சளியா?" என்று அவர் கேட்பார். சளி இல்லை. முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு பேசவே இல்லை, அவ்வளவுதான்.

அப்பா இருந்தவரை அப்படியில்லை. அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நான் படிக்கும்போதே போய்விட்டாள். தம்பி கனடாவுக்குப் போனான். நானும் அப்பாவும் மட்டும் மிஞ்சினோம். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, வந்த வழியே போனது. நான் வீட்டுக்கு வந்ததும் அப்பா "இன்னைக்கு யாரு யாரு ஏசுனா?" என்று கேட்பார். ஒவ்வொருவராகச் சொல்லுவேன். அவர் சிரிப்பார். பிறகு அவரும் போனார். அதன் பிறகு ஏசியவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் நிறுவனத்தில் வெளி முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குள் இருக்கும் செல்போன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி ஒன்று உண்டு. வெளியே அது யாருக்கும் தெரியாது. வெளியே போகும் ஒவ்வொரு செய்தியிலும் ரவுட்டர் தன்னுடைய வெளி முகவரியை மாற்றிப் போட்டு அனுப்பும். அனுப்பியது யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். பதில் வந்தால் உரிய ஆளிடம் சேர்க்கும். யாருக்கென்று தெரியாமல் வருவதை உள்ளே விடாது. எங்கள் தொழிலில் இதை நாட் என்போம். அதுவரை வீட்டுக்கு ஒரு வெளி முகவரி கொடுத்து வந்தோம். இணைப்புகள் பெருகி முகவரிகள் தீரும் நிலை வந்ததும், நிறுவனத்தை நடத்தும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு தெருவுக்கு ஒரு முகவரி போதும்லா? எல்லாரையும் ஒண்ணுக்குப் பின்னால உக்கார வச்சிரு" என்றார்.

அலுவலகத்துப் பெரிய ரவுட்டரில் இரண்டாவது தடவையாக முகவரி மாறும்படி அமைத்தேன். வீட்டு ரவுட்டர் ஒரு முறை மாற்றும். எங்களுடையது இன்னொரு முறை மாற்றும். நூற்றுக்கணக்கான வீடுகள் வெளியுலகுக்கு ஒரே வீடாகத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விளையாடுகிற பையன்கள் சிலர் கூப்பிட்டார்கள். கேமரா வைத்திருந்த நகைக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பிறகு மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"யக்கா, எங்க வீட்டுல நெட்டு போன் ஒண்ணு இருக்கு. அவுக பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்கு. நான் பேசுறது அங்க கேக்குதாம்."

அவள் புருஷன் தமாமில் ஒரு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கிருந்து வாட்ஸப்பில் அழைத்துப் பேச முடியாது என்பதால், போன விடுப்பில் வந்தபோது இணையத்தில் ஓடும் மேசைத் தொலைபேசி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவர் அலுவலகத்துத் தொலைபேசியிலிருந்து இந்த வீட்டுக்கு, பக்கத்து அறைக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடலாம். அங்கே வேலை முடிகிற நேரம் இங்கே அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்திருக்கும். தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்பது என்பது நாட் செய்கிற பழைய தொல்லை. தொலைபேசி தன் முகவரியைத் தப்பாகச் சொல்லியனுப்பும். எதிர்முனை அந்தத் தப்பான இடத்துக்கே பேச்சை அனுப்பிக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்தே சரிசெய்யப் பார்த்தேன், முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் மடிக்கணினியோடு கிளம்பினேன். குலவணிகர்புரம் கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை காத்திருந்து, மேலப்பாளையம் சந்துகளில் இரண்டு தடவை வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். பொம்பளை ஆள் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லைபோல. முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதான் போன்ல பேசுன அக்காவா? வாங்க வாங்க. ஆம்பளை யாராச்சும் வந்தா மச்சானைத் துணைக்குக் கூப்பிடணுமேன்னு இருந்தேன்."

வீட்டில் அவளும் கல்லூரியில் படிக்கும் மகளும்தான். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி முன்னறையில் ஒரு சின்ன மேசையில், பூப்போட்ட துணியின் மேல் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ரவுட்டரைப் பார்த்தேன். தொலைபேசிக்கு உதவுவதாக நினைத்துக் குழப்புகிற ஒரு வசதி அதில் உண்டு. அதை முதலில் நிறுத்தினேன். பிறகு பரிசோதிக்க அவர் கூப்பிடும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். தேயிலைத் தண்ணி கொடுத்தாள்.

"சத்தம் கேக்காம என்ன பண்ணுனிய இத்தன நாளா?" என்று கேட்டேன்.

"முதல் நாள் அலோ அலோன்னு கத்திட்டு வச்சிட்டேன். அவுக உடனே மெசேஜ் போட்டாக, உன் சத்தம் கேக்குது, நீ பேசுன்னு. என்னத்தப் பேச? சும்மா இருந்தேன். மறுபடி பேசுன்னு போட்டாக. அப்புறம் பேச ஆரம்பிச்சேன்."

"என்ன பேசுவிய?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "என்னமும் பேசுவேன்."

தொலைபேசி அடித்தது. எடுத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். காத்திருந்தாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் மடிக்கணினியிலிருந்து அலுவலகத்து ரவுட்டருக்குள் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். "நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் பாக்கேன்" என்றேன்.

முதலில் நான் இருக்கிற கூச்சத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நெட்டு ஆபீஸ் அக்கா வந்திருக்காக, பாத்துக்கிட்டு இருக்காக என்றாள். மோட்டார் மறுபடி காற்று இழுக்கிறது என்றாள். மகள் கல்லூரியிலிருந்து வரும்போது பஸ்ஸில் செருப்பு அறுந்து, ஒற்றைச் செருப்போடு நடந்து வந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி பேச்சை நிறுத்திக்கொண்டது, தனக்கு ராத்திரியில் கால் மரத்துப்போவது, உம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வரவே மனசில்லாமல் இருப்பது எல்லாம் வந்தன. நடுநடுவே "ம்" கொட்ட ஆளில்லாத பேச்சு, சரிவில் ஓடுகிற தண்ணீர் மாதிரி அதன்பாட்டுக்குப் போனது.

அப்போது திரையில் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ரவுட்டரின் வெளிவாசலில், தமாமிலிருந்து இந்தத் தொலைபேசிக்காக வந்து, யாருக்கென்று தெரியாமல் தள்ளப்படுகிற பேச்சுத் துண்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பேசாத நேரத்தில் ஒன்றும் அனுப்பாத வகைத் தொலைபேசி அது. அப்படியானால் அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவரும் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் கடல் தாண்டி, பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்து ஏ.சி. அறைவரைக்கும் வந்து, அங்கே நின்றுபோனது. அங்கிருந்து இந்த வீடு ஒரு ரயில்வே கேட் தூரம்தான்.

அவள் போனை வைத்ததும் சொன்னேன். "அவுகளும் பேசிக்கிட்டுதான் இருந்தாக."

"நான் பேசும்போதா?"

"ஆமா."

"என்ன பேசுனாக?"

"அது எனக்குத் தெரியாது. பேசுனாகன்னு மட்டும்தான் தெரியும்."

அவள் அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்காதுன்னு தெரிஞ்சுமா பேசுனாக?" என்றாள். நான் மடிக்கணினியை மூடினேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம், அந்த வீட்டுக்கு மட்டும் தனி வெளி முகவரி வேண்டும் என்றேன். அவசரத்துக்கென்று சிலவற்றை ஒதுக்கி வைத்திருந்தோம்.

"ஒரு வீட்டுக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும்மா."

"ஒரு மனுசன் பொண்டாட்டிக்குப் பேசுதது நம்ம ரூம்ல வந்து செத்துப்போகுது அண்ணாச்சி."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மினுக்கிக்கொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தார். "குடுத்துரு" என்றார்.

இந்த வெளி முகவரிக்கு வரும் எல்லாம் இந்த வீட்டுக்கே என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டியதுதான். எழுதினேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். "கேட்டுட்டுக்கா! நல்லா கேட்டுது!" என்றாள். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மறுபடி அவள் கூப்பிட்டாள். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றாள். பார்த்தேன்; எரியவில்லை. "அப்பம் நான்தான் சரியாப் பாக்கல" என்றாள். பிறகும் வைக்கவில்லை. "நீங்க சாப்பிட்டியளாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "இனிமேத்தான்" என்றேன். என்ன குழம்பு என்றாள். அப்படியே பேச்சு நீண்டது. அதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, ரவுட்டரைச் சாக்கு வைத்துக் கூப்பிடுவாள். பிறகு சாக்கும் போனது. ஏழு மணிக்கு மேல் என் போன் அடித்தால் அவள்தான். நான் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். மெதுவாக, வா, போ என்று பேசுகிற அளவுக்கு நெருங்கினோம். வா, போ என்றது நான்தான். அவள் கடைசிவரை நீங்க என்றே சொன்னாள்.

ஒருநாள் சொன்னாள்: "இப்பம் அவுக கூப்புட்டா ரெண்டு நிமிசம்தான்க்கா. பிள்ள படிக்காளா, படிக்கா. மாமா வந்தாகளா, வந்தாக. சொகமா, சொகம். வச்சிருவோம். சத்தம் கேக்காதப்போ அம்புட்டுப் பேசுனேன். இப்பம் வாயத் திறந்தா அவுக ஏதாச்சும் கேட்டுருவாக, நான் நல்லா இருக்கோம்னு சொல்லிருதேன்."

"என்ன சொல்லணும்னு நினைக்க?"

"வந்துருங்கன்னு சொல்லணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அதைச் சொன்னதே இல்லக்கா. சத்தம் கேக்காத நாள்ல சொல்லிருப்பேன். இன்னும் ரெண்டு நாள் கிடைச்சிருந்தா சொல்லிருப்பேன். அதுக்குள்ள நீங்க சரி பண்ணிட்டிய."

வாட்ஸப்பில் குரல் பதிவு செய்து அனுப்பலாமே என்றேன். வேண்டாம் என்றாள். "எட்டுப் பேரு படுக்க ரூம்ல வச்சுக் கேப்பாக. மறுபடி மறுபடி போட்டும் கேக்கலாம். நான் சொல்லுதது ஒரு தடவதான் இருக்கணும்." பிறகு தயங்கிக் கேட்டாள்: "பழையபடி ஆக்க முடியுமாக்கா? ஒரே ஒரு நாளைக்கு?"

முடியும் என்றேன். அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்தும் நான் அலுவலகத்திலேயே இருந்தேன். அண்ணாச்சி, "என்னம்மா, கிளம்பலையா?" என்றார். கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். மஃரிப் பாங்கு எங்கிருந்தோ கேட்டு முடிந்த பிறகு, அந்த வரியை நீக்கினேன். வீடு மறுபடியும் மற்ற வீடுகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. அவள் பேசுவது வெளியே போனது. என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கமிருந்து வருவதும் வாசலில் வந்து முட்டத் தொடங்கியது. முதலில் அலோ அலோ என்றிருப்பார். பிறகு எண்ணிக்கை நின்றுவிட்டது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பக்கம் அசைவே இல்லை. அந்த அறையின் குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பேசி இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. அழைப்பு முடிந்ததும் அந்த வரியைத் திரும்ப எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானமே கூப்பிட்டுவிட்டாள்.

"சத்தம் திரும்பினதும் கூப்பிட்டாகக்கா. மறுபடி நெட்டு கெட்டுப்போச்சுபோல, ஆனா நீ சொன்னது கேட்டுச்சுன்னாக. வேற ஒண்ணும் சொல்லல. கணக்க முடிச்சிட்டு வருதேன்னு மட்டும் சொன்னாக."

அவர் வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அவள் முன்னைவிட அதிகம் கூப்பிட்டாள். வந்து என்ன தொழில் செய்யலாம், சந்தை முக்கில் ஒரு கடை கிடைக்குமா, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்றெல்லாம் என்னோடு பேசினாள். நானும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். அவர் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு போன் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் ஏழு மணிக்குச் சமையலை முடித்துவிடுகிற பழக்கம் போகவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது தம்பி கனடாவிலிருந்து கூப்பிட்டான். சுகமா என்றான். சுகம் என்றேன். மழை உண்டா என்றான். இல்லை என்றேன். "வேற என்னக்கா?" என்றான். அது அவன் போனை வைக்கப்போகிறான் என்பதற்கு அடையாளம்.

"ஒரு தடவ வந்துட்டுப் போயேம்ல" என்றேன்.

"ஏன், உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல பேச ஆளில்ல."

"பாக்கேன்க்கா. பிள்ளைகளுக்கு லீவு விடட்டும்" என்றான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்த லீவும் அதற்கடுத்த லீவும் வந்து போயின. பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு என்றான்.

மேலப்பாளையத்துக்காரியின் புருஷன், ஊர் திரும்பிய சில வாரங்களில், அலுவலகத்துக்கே வந்தார். மெலிந்த, தாடி நரைத்த மனிதர். "நீங்கதானா அந்த அக்கா" என்று கைகூப்பினார். "நெட்டு போன் இனி தேவையில்ல. அந்தத் தனி முகவரிய வேற யாருக்காச்சும் குடுங்க. வார ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு. நீங்க கண்டிப்பா வரணும்னு வீட்டுல சொல்லிவிட்டாக." அந்தத் திங்கட்கிழமை சத்தம் கெட்டது தானாக இல்லை என்று அவருக்குத் தெரியுமா என்பது அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் போன பிறகு அந்த வரியை அழித்தேன். முகவரி நகைக்கடைக்காரருக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. நெய்ச்சோறும் கறியும், கடைசியில் இனிப்புக்கு வட்டலாப்பமும் வைத்தார்கள். ஆளாளுக்கு இன்னும் கொஞ்சம் வையுங்க என்றார்கள். அவள் வேர்வை வழிய இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போதுதான் அடுப்பங்கரையில் தனியாகப் பிடிக்க முடிந்தது.

"இப்பம் நல்லாப் பேசுதியளா ரெண்டு பேரும்?"

அவள் சிரித்தாள். "எங்கக்கா! அவுக அங்கன உக்காந்து பேப்பர் படிக்காக. நான் இங்கன உளுந்து பொடைச்சுக்கிட்டு இருக்கேன். பேச்சே கெடையாது. ஆனா அது போதும்னு இருக்கு."

"அப்பம் எனக்கும் போன் பண்ண மாட்ட" என்றேன், வேடிக்கையாகத்தான்.

"நீங்க பண்ணுங்கக்கா" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்குள் யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு டப்பாவில் வட்டலாப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பண்ணுங்க என்றாளே என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, கூப்பிட்டுவிட்டேன். மகள் எடுத்தாள். உம்மாவும் வாப்பாவும் ஏர்வாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள் என்றாள்.

"என்ன விஷயம்னு சொல்லட்டும் ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லம்மா. நெட்டு ஒழுங்கா வருதான்னு கேக்கத்தான்."

"நல்லா வருது ஆன்ட்டி" என்றாள்.

சரிம்மா என்று வைத்துவிட்டு, அரிசி களையப் போனேன்.